பன்மையில் விதி

ஓவுலு நகரத்தில் ஜனவரி. மூன்று மணிக்கே
வெளிச்சம் கடையைக் கட்டிவிடும்.
ரௌனோவின் சமையலறை மேசையில்
நான்கு தடித்த புத்தகங்கள், ஏழு வகைப் பகடை,
ஆறிப்போன காபி.
பகலில் அவன் காப்பீட்டு அலுவலகத்தில்
நசுங்கிய கார்களுக்கு விலை வைப்பவன்.
இரவில்
நண்பர்களின் எலும்புகளுக்கு.

பீர்கோவின் திருடி பாலத்திலிருந்து குதித்தாள்.
குதிக்க ஒரு நொடி.
விழ நாற்பது நிமிடம்.
உயரத்துக்கு ஒரு பட்டியல்,
ஆற்றின் ஆழத்துக்கு இன்னொன்று,
தோல் கவசம் நனைந்தால் எடை எவ்வளவு
என்பதற்கு இருநூற்றுப் பதினேழாம் பக்கம்.
அங்கே போனால்,
‘ஈரத்துக்குப் பின்னிணைப்பு மூன்றைக் காண்க.’
பீர்கோ எழுந்து போய்
பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.
திருடி இன்னும் காற்றில்தான்.
மணி பதினொன்று. அப்படியே விட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் சென்யா ஒரு தாள் கொண்டுவந்தாள்.
ஒரே தாள்.
பின்பக்கம் பால், பூனைச் சோறு, பேட்டரி
என்று கடைக் குறிப்பு.
முன்பக்கம் இவ்வளவுதான்:
‘ஒரு பகடை. நான்கோ மேலோ விழுந்தால், நடந்தது.
இல்லையென்றால்
நடத்துபவர் சொன்னதே நடந்தது.’

அந்த இரவு
இரண்டு கோட்டைகள் விழுந்தன, ஒரு கல்யாணம்,
மூன்று துரோகம், அதில் ஒன்று கல்யாணத்திலேயே.
யாரும் பக்கம் புரட்டவில்லை.
ரௌனோ தன் புத்தகங்களின் மேல்
காபிக் கோப்பையை வைத்ததை
எல்லோரும் பார்த்தார்கள்.

பிறகு இஸ்மோவுக்கு மூன்று விழுந்தது.
‘கூரை இறங்குகிறது. நீ செத்துப்போனாய்’ என்றாள் சென்யா.

பனியுடைக்கும் கப்பலில் எஞ்சின் பார்க்கிறவன் இஸ்மோ.
ரௌனோவின் மேசையில் நான்கு முறை செத்திருக்கிறான்:
விஷம், அம்பு, மறுபடி விஷம்,
ஒருமுறை பட்டியலைத் தப்பாகப் படித்ததால் வந்த காய்ச்சல்.
ஒருமுறையும் கோபமில்லை.
அவனைக் கொன்றது பக்க எண்.
இங்கே பக்கமே இல்லை.
எதிரே சென்யா இருந்தாள்.

கோட்டை மாட்டிக்கொண்டான்.
படிக்கட்டில் உட்கார்ந்து
ஷூ நாடாவை நெடுநேரம் கட்டினான்.

இதை எழுதும் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்.
ஒருமையில் சொன்னால் கழுத்தைப் பிடிக்கும்.
பன்மையில் சொன்னால்
வாதாடலாம், அச்சுப்பிழை என்று தப்பிக்கலாம்,
பின்னிணைப்புக்குள் ஓடி ஒளியலாம்.
இஸ்மோவின் மொழியில் அவை வேறு வேறு சொற்கள்.
ஆனாலும் அந்தப் படிக்கட்டில்
அவனுக்கு அவை ஒன்றாகிவிட்டன.

சென்யாவும் தூங்கவில்லை.
எளிமை என்று அவள் எதைக் கொண்டுவந்தாளோ
அது,
எழுதாமல் விட்ட அத்தனை பக்கங்களையும்
தன் ஒருத்தி தலையில்
ஏற்றிக்கொண்டதுதான் என்று
விடிவதற்குள் தெரிந்துவிட்டது. அங்கே விடிய
பத்து மணியாகும்.

மூன்று வாரம் கழித்து இஸ்மோ வந்தான்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
தாளைத் திருப்பி, பூனைச் சோற்றுக்குக் கீழே எழுதினான்:
‘கொல்லுமுன் ஒரு வார்த்தை கேட்கவும்.’
பீர்கோ ஒரு வரி சேர்த்தாள்.
ரௌனோ நான்கு சேர்த்தான்,
நான்காவதற்கு அ, ஆ, இ என்று உட்பிரிவு.
மார்ச்சில் தாள் இரண்டாயிற்று.
ஏப்ரலில் அதற்கு ஓர் உறை வாங்கினார்கள்.
எதுவரை வளரும் என்று யாருக்கும் தெரியாது;
ரௌனோவுக்கு மட்டும் ஓர் ஆசை இருந்தது.

‘என் திருடி என்ன ஆனாள்?’ என்றாள் பீர்கோ ஒருநாள்.
சட்டென்று எல்லோரும் நிமிர்ந்தார்கள்.
மூன்று மாதமாக ஒருத்தி
பாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில்.

ரௌனோவின் கை புத்தகத்துக்குப் போய்
பாதியில் நின்றது.
சென்யா பகடையை உருட்டினாள்.
அது மேசை தாண்டி, தரையில் துள்ளி,
ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது.

இஸ்மோ டார்ச்சோடு குப்புறப் படுத்தான்.
‘தெரிகிறதா?’
‘தெரிகிறது.’
‘எவ்வளவு?’

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

‘ஐந்து’ என்றான்.

யாரும் குனிந்து பார்க்கவில்லை.